மூணாம் நாளும் அவருடைய பால் செம்பும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பத்திரிகையில் நான் நுழைந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் என் அம்மாவுக்குக் கடுதாசிதான். நாலு பேர் நடுவில் யாராவது என் பெயரைக் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஆனால் போன மாசம் இதே பத்திரிகையில் ஒரு பெரியவர், எங்கள் பக்கத்து ஜனங்கள் ஏன் வேதத்தில், அதாவது கிறிஸ்து மார்க்கத்தில், சேர்ந்தார்கள் என்று எழுதியிருந்தார். பஞ்சக் கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள், பிள்ளைகளின் படிப்புக்காகச் சேர்ந்தார்கள், ஊர்க்காரர்களின் மிரட்டலுக்குப் பயந்து சேர்ந்தார்கள் என்று அடுக்கியிருந்தார். அப்படிச் சேர்ந்தவர்களும் உண்டு. நான் மறுக்கவில்லை. பசித்தவன் கஞ்சியைத் தேடிப் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டுரையை மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்த்தும் எங்கள் தெருவில் மூணாம் நாள் என்று பெயர் வாங்கிய மனிதர் அதில் எங்கேயும் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காகக் கிறிஸ்தவர்கள் ஆகியிருப்பார்கள். ஒரு செம்புப் பாலுக்காக ஆனவர் எங்கள் மூணாம் நாள் ஒருவர்தான். இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தின்போது ஒரு நல்ல பெயர் வைத்தார்கள். அது சபைக் கோவில் புத்தகத்தில் எங்கோ எழுதியிருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது. ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில், தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்கிற வேலை அவருக்கு. முழங்கால் வரைக்கும் வெந்து வெளுத்த கால்கள். நான் கலியாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது, ஐரோப்பாவில் பெரிய சண்டை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். என் வீட்டுக்காரர் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவார். அதனால் எனக்கு மாமா. நேரில் மாமா, முதுகுக்குப் பின்னால் எல்லாரையும்போல எனக்கும் மூணாம் நாள்தான்.

எதற்கெடுத்தாலும் மூணாம் நாள். அவருடைய கோழி காணாமல் போனது. தேடவே இல்லை. "எங்க போய்டும்? மூணாம் நாள் வந்துடும்" என்று பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது இரண்டாம் நாளே எதிர்வீட்டுக் குழம்பில் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி மனசாட்சி உறுத்தி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, "ஒரு நாள் முன்னாடியே வந்துடுச்சி" என்றார்.

ஒருமுறை கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. "பேஜார் பண்ணாத சித்தப்பா, ஆஸ்பத்திரிக்கு வா" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். "ரெண்டு நாள் ஆவட்டும்டா" என்றார். மூன்றாம் நாள் காலையில் பல் தானாகவே கையோடு வந்துவிட்டது. அன்று முழுவதும் தெருவில் யாரும் அவரோடு வாய் கொடுக்கவில்லை. பயந்துவிட்டார்கள்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதற்கு என் வீட்டுக்காரரே சாட்சி. அவர் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

மூணாம் நாளின் பெண்சாதி மங்கா. வாந்திபேதி வந்த ஒரு வருஷம் அவளும் போய்விட்டாள். அவள் படுத்துத் துடித்த அன்று மத்தியானம் அவர் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். ஆள் போய்ச் சொல்லியிருக்கிறது. மேஸ்திரி விடவில்லை. "பாதியில விட்டா தோல் அத்தினியும் வெந்துடும்யா. எடுத்துப் போட்டுட்டுப் போ" என்றானாம். இவரும் தோலையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓடிவந்தார். அதற்குள் முடிந்துவிட்டது. கடைசி வரைக்கும் "எங்க அவரு, வந்துட்டாரா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இதை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் தெருவில் யாரும் எதையும் சொல்லாமல் இருந்ததில்லை.

ஆற்றங்கரை இடுகாட்டில் புதைத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூன்றாம் நாள் காலையில் போய்க் குழிமேட்டில் பால் ஊற்றிவிட்டு வந்தார். அந்தப் பால் செம்பு மங்கா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. வாய் ஒடுங்கின பித்தளைச் செம்பு.

சில மாசம் கழித்து மிஷனைச் சேர்ந்த உபதேசியார் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து, வேப்பமரத்தடியில் ஒரு கஞ்சிராவைத் தட்டிப் பாடிவிட்டுப் பேச ஆரம்பித்தார். மோட்சம் என்றார். யாரும் அசையவில்லை. நரகம் என்றார். தோல் கிடங்குக்குத் தினம் போகிறவர்களுக்கு அது ஒரு புதுச் சேதியாகத் தெரியவில்லை. பிறகு, சிலுவையில் செத்தவரை அடக்கம் பண்ணினார்கள், பெண்கள் கல்லறைக்குப் போனார்கள் என்று ஆரம்பித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து நின்றார்.

"உபதேசியாரே, அந்தப் பொம்பளைங்க என்னிக்கிப் போனாங்க?"

"மூணாம் நாள். விடியற்காலத்துல."

"பால் ஊத்தவா?"

"பால் இல்லைய்யா. வாசனைத் திரவியம்."

"சரி, அது அவுங்க ஊரு வழக்கம். ஊத்துனாங்களா?"

"இல்லை. கல்லறை திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை."

"ஊத்தலியா?"

"அதான் சொன்னேனே, ஊத்தலை."

"அப்போ எடுத்துக்கினு போனதை அப்படியே திருப்பி எடுத்துக்கினு வந்துட்டாங்களா?"

உபதேசியார் இதை அதுவரை யோசித்ததே இல்லைபோல. கொஞ்சம் விழித்துவிட்டு, "அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

இவர் தெருப் புழுதியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "நான் எத்தினி குழிக்குப் பால் எடுத்துக்கினு போயிருக்கேன். எங்க நைனாவுக்கு, எங்கம்மாவுக்கு, மங்காவுக்கு. செம்புல சொட்டு மிச்சத்தோட ஒருத்தரும் வீட்டுக்கு வந்ததில்லியே. இவுங்க மட்டும் முழுசா கொண்டாந்திருக்காங்க!" பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, "முதல்லருந்து இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றார். உபதேசியார் சொன்னார். இன்னொருமுறை கேட்டார். மறுபடி சொன்னார். அன்று அடுத்த தெருவுக்கும் போகவேண்டிய உபதேசியார் கடைசியில் எங்கள் தெருவிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

கஞ்சி ஊற்றியவர்களும் பள்ளிக்கூடம் கட்டியவர்களும் அதற்கு முன்பே வந்துபோனவர்கள்தான். அவர்களிடம் இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன இடத்தில் குழி திறந்திருந்தது, கொண்டுபோனது மிஞ்சிவிட்டது. அந்த ஒரு சேதிக்குத்தான் இவர் எழுந்து நின்றார்.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் போதகர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஏன் சேருகிறாய் என்று கேட்பார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். குடையில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சிரித்தும் யாரும் பார்த்ததில்லை. "என் ஆத்தும இரட்சிப்புக்காக" என்று சொல்லவேண்டும் என்று உபதேசியார் எல்லாருக்கும் மனப்பாடம் பண்ணிவைத்திருந்தார். ஐயரின் குடையைப் பார்த்ததும் எல்லாருக்கும் மறந்துபோயிற்று.

முதலில் போன பொன்னியம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். "இந்தச் சாமி ஆடு கேக்க மாட்டாராமே, ஐயரே. இருந்த ஒரே ஆட்டையும் போன ஆடிக்குக் குடுத்துட்டேன். இனிமே கேட்டா நாந்தான் கழுத்தை நீட்டணும்."

அடுத்தது கிடங்குக்கு ஆவாரம்பட்டை ஏற்றிவருகிற வண்டிக்காரர். "புளியமரத்து முனி இந்தப் பேரைச் சொன்னா ஒதுங்கிக்குது, ஐயரே. பூசாரியைக் கூப்ட்டா பூசாரிதான் ஒதுங்கிக்கிறாரு."

ஐயர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆனாலும் தலையசைத்தார். ஒரே பலி போதும் என்றும், அந்த நாமத்துக்குப் பேய்கள் நடுங்கும் என்றும் வேதத்திலேயே இருக்கிறதாம். மூன்றாவதாக இவர் போனார்.

"நீ ஏன் சேருகிறாய்?"

"பால் மிஞ்சணும், ஐயரே."

உபதேசியார் குறுக்கே வந்து விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று. ஐயர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறாயா?" என்றார்.

"அதுக்குத்தானே வந்தேன். மங்கா எழுந்திருப்பாளா?"

"யார் மங்கா?"

"எம் பொஞ்சாதி. போன வருசம் பூட்டா."

"ஞானஸ்நானம் வாங்கினவளா?"

"அவளுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. தெரியறதுக்குள்ள பூட்டா."

ஐயர் நேர்மையான மனிதர். அதுதான் அவரிடம் இருந்த கஷ்டம். "அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை" என்றார்.

"யாருக்கு இருக்குது?"

"ஆண்டவருக்கு."

"எப்ப சொல்லுவாரு?"

"கடைசி நாளில்."

"மூணாம் நாள்ல இல்லியா?"

"இல்லை."

அந்த அரைப் பதிலை வாங்கிக்கொண்டுதான் இவர் ஞானஸ்நானம் எடுத்தார். மீதிப் பதிலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். அவர் வாழ்க்கை முழுவதும் அந்தக் காத்திருப்புத்தான்.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் யார் செத்தாலும் மூன்றாம் நாள் விடிகாலையில் அந்தச் செம்பில் பால் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போவார். குழி திறந்திருந்தால் பாலோடு திரும்பி வருவதாக ஏற்பாடு. மூடியிருக்கும். கொஞ்ச நேரம் நிற்பார். இருமிக் காட்டுவார். பிறகு ஊற்றிவிட்டு வந்து, செத்தவர் வீட்டு வாசலில் நின்று சேதி சொல்லுவார். எதிர்வீட்டுக்காரியின் மாமியார் செத்தபோது அவள் விடியும் முன்பே வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். மாமியார் இருந்தவரை அவள் பட்ட பாடு தெருவுக்கே தெரியும்.

"அண்ணா, மூடித்தான இருக்குது?"

"மூடித்தாம்மா இருக்குது."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நிம்மதியாக அடுப்பைப் பற்றவைத்தாள்.

பால் ஊற்றுவது அஞ்ஞான வழக்கம், சபையார் யாரும் செய்யக்கூடாது என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சேதி அவர் காதுக்குப் போனதும் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கல்லறையில் பால் ஊற்றுகிறாயாமே?"

"ஊத்தப் போறதில்ல, ஐயரே. பாக்கத்தான் போறேன்."

"பார்க்கப் போகிறவனுக்குப் பால் எதற்கு?"

"தொறந்திருந்தா, கொண்டாந்ததைத் திருப்பிக் கொண்டார்றதுக்கு எதுனா வேணாமா?"

"பின் ஏன் ஒவ்வொரு தடவையும் காலிச் செம்போடு வருகிறாய்?"

"மூடியிருந்துச்சே. பாலை வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"போ" என்று ஐயர் கதவைக் காட்டினார். கோவிலில் அப்பமும் ரசமும் கொடுக்கிற அடுத்த இராப்போஜனத்தில் இவரைச் சேர்க்கவில்லை. கோவிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். "கோவமா மாமா?" என்று கேட்டேன். "அவுரு கடமை அவுருக்கு" என்றார்.

எனக்கு முதலில் பிறந்தது ஆண் குழந்தை. தங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் வந்து மண்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். எப்போதும் சத்தமாகச் சேதி சொல்கிறவர் அன்று என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் தூங்குதும்மா" என்று மட்டும் சொன்னார். மூடியிருக்கிறது என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. என் பிள்ளையைப் பற்றி எனக்கு யாரும் அதைவிட நல்லதாக எதுவும் சொன்னதில்லை.

மங்காவின் குழிக்கு மட்டும் அவருக்கு மூன்றாம் நாள் கணக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே ஆற்றங்கரை இடுகாட்டுக்குப் போவார். போகும்போது நிரம்பிய செம்பு, வரும்போது காலிச் செம்பு. வருஷக்கணக்காக அப்படித்தான். "இன்னும் எத்தினி வாரம் சித்தப்பா போவீங்க?" என்று என் வீட்டுக்காரரின் தங்கை கேலி பண்ணுவாள். "ஒரு வாரம் கம்மியா போய், அந்த வாரம் தொறந்துட்டா?" என்பார்.

ஒரு ஐப்பசியில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. எங்களுக்கு ஆறு என்றால் மணல்தான். தண்ணீரை அந்த அளவில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தோல் கிடங்குகளுக்குள் தண்ணீர் புகுந்து தொட்டியெல்லாம் ஒன்றாகக் கலந்து, ஊரே நாறிற்று. வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள் இவர் செம்போடு கிளம்பினார். சேற்றில் எப்படிப் போனாரோ தெரியாது.

திரும்பி ஓடிவந்தார். நாங்கள் அவர் ஓடிப் பார்த்ததே இல்லை. செம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"மிஞ்சிடுச்சி! பாலு மிஞ்சிடுச்சி! மங்கா குழி தொறந்து கெடக்குது! உள்ள ஆள் இல்ல!"

நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து செம்பை என் கையில் கொடுத்தார். "அடுப்பைப் பத்தவைம்மா. வெல்லம் ஜாஸ்தியா போடு. தெருவுக்கே குடுக்கணும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னை ஓரமாக இழுத்து, "கரையை ஆறு அறுத்துக்கினு போய்ட்டிருக்குது. அங்க பாதி இடுகாடே இல்ல" என்றார்.

"அவர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"நீ சொல்லேன்."

அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பாலோடு இன்னும் கொஞ்சம் பால் சேர்த்து, தண்ணீர் விட்டு, வெல்லம் போட்டுக் காய்ச்சினேன். தெருவில் எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு வாய் வாங்கிக் குடித்தார்கள். எல்லாருக்கும் ஆற்றைப் பற்றித் தெரியும். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். பால் நன்றாக இனித்தது.

அன்றோடு நின்றிருந்தால் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே முடித்திருப்பேன்.

எழுந்தவள் வீட்டுக்கு வரவேண்டுமே. உயிர்த்தெழுந்தவர் சீஷரிடம் வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டு மீன் சாப்பிட்டார் என்று கோவிலில் படித்திருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு குட்டைகளில் கெண்டை மீன் நிறைய இருந்தது. இவர் தினமும் பிடித்துவந்து வறுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். தெருவில் இருந்த பூனையெல்லாம் அவர் வீட்டு முன்னால் சபை கூடிற்று. மங்காவுக்குத் தோல் நாற்றம் ஆகாதாம். அவள் மூக்கு அப்படிப்பட்ட மூக்காம். அதனால் கிடங்கிலிருந்து வந்ததும் சீயக்காய் போட்டுக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சுண்ணாம்பில் வெந்த காலில் ரத்தம் கசிந்தது. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தோம்.

ஒரு சாயங்காலம் மண்சுவர் ஓரம் வந்து நின்றார். தட்டில் மீன் அப்படியே இருந்தது.

"ஏம்மா, ஒரு பொம்பள மனசு இன்னொரு பொம்பளைக்குத் தெரியும். அதான் கேக்கறேன். அவ கோவமா இருக்கிறாளா?"

"யாரு மாமா?"

"மங்காதான். எழுந்துட்டா. என்கிட்ட வரலியே. அன்னிக்கி அவ கூப்ட்டப்ப நான் வரல. தோலை எடுத்துப் போட்டுக்கினு இருந்தேன். இப்ப அவ எங்கியோ நின்னுக்கினு, அவன் வராத மாதிரி நானும் வரமாட்டேன்னு நினைக்கிறாளோ?"

அடுப்பில் ஏதோ பொங்குவதுபோல உள்ளே திரும்பிப் பார்த்தேன்.

"செத்துக் கெடந்தப்பகூடத் தாங்கிக்கினேம்மா" என்றார். "உசிரோட வந்து, என்னை வேணாம்னு போய்ட்டா, அதை எப்டித் தாங்கறது?"

அதற்குப் பிறகு அவர் சாப்பிடுவதே குறைந்துபோயிற்று. செத்தவள் திரும்பி வருவாள் என்பதற்காகத்தான் இந்த மனிதர் வேதத்துக்கு வந்தார். இப்போது அந்த நம்பிக்கையே அவரைத் தின்றுகொண்டிருந்தது. அது ஆற்று வேலை என்று சொன்னால் மங்கா போய்விடுவாள். சொல்லாவிட்டால் இவர் போய்விடுவார். தெருவில் ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

மறுநாள் நான் ஐயர் பங்களாவுக்குப் போனேன். தனியாக அங்கே போனது அதுதான் முதல் தடவை. வாசற்படியில் நின்று எப்படியோ சொல்லி முடித்தேன். பால், வெல்லம், மீன், பூனை, எல்லாவற்றையும். ஐயர் உடனே எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டார்.

மூணாம் நாள் வெளுத்த வேட்டியோடு வாசலில் இருந்தார். ஐயரைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க ஐயரே. அன்னிக்கி அதிகாரம் இல்லன்னீங்களே. இப்ப பாத்தீங்களா, மங்கா எழுந்துட்டா" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

ஐயர் அவர் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். "அவள் எழுந்திருக்கவில்லை. ஆறு கரையை அறுத்தது. உன் மங்காவின் குழி மட்டும் அல்ல, அந்த வரிசை முழுவதும் போய்விட்டது. அவளை ஆறு கொண்டுபோயிற்று" என்றார்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நிஜமா, ஐயரே?"

"நிஜம்."

"அப்போ அவ எழுந்துட்டு வராம இல்ல."

"இல்லை."

"வர முடியல. அவ்ளோதான்."

"ஆமாம்."

"கோவம் இல்ல."

ஐயர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "கோபம் இல்லை" என்றார். தமக்கு அதிகாரம் இல்லாத ஒன்றை அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மூணாம் நாள் பெருமூச்சு விட்டார். தட்டிலிருந்த மீனைப் பூனைகளுக்குப் போட்டார். "பாவம்" என்றார். "அவளுக்கு நீச்சல் தெரியாது."

அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், கோவிலுக்கு வந்தார். இராப்போஜனத்தில் ஐயர் மறுபடி சேர்த்துக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் மூணாம் நாள் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நாங்கள் அப்புறம் கேட்கவில்லை. அவருடைய கோழி ஒருநாள் காணாமல் போனது. உடனே எழுந்து குச்சியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடிப்போனார். எதிர்வீட்டுக்காரி, "அண்ணன் இன்னா, மனுசன் மாதிரி தேடுது" என்று சிரித்தாள். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "இன்னும் நம்புறீங்களா மாமா?"

"ஒரு குழி தொறந்துச்சும்மா" என்றார். "அதை நான் நம்பறேன். ஒண்ணே ஒண்ணு. இத்தினி குழிக்கு அந்த ஒண்ணு போதுமான்னுதான் தெரியல."

மாசி மாசம் சுரத்தில் படுத்தார். எங்கள் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார். ஆற்றங்கரையில் மங்கா பக்கத்தில் புதைக்கச் சொல்லி எப்போதோ கேட்டிருந்தார். மங்கா பக்கம் என்று சொல்ல அங்கே மண்ணே இல்லை. கோவில் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைத்தோம். ஐயர் வாசிக்கவேண்டியதை வாசித்தார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அவருக்காகப் போய்ப் பார்த்துவர யாரும் இல்லை. அந்த வேலையைச் செய்துவந்தவர் அவர் ஒருவர்தான். நான் அவர் வீட்டிலிருந்த மங்காவின் செம்பை எடுத்து, அதில் பால் வாங்கிக்கொண்டு போனேன். அங்கே ஐயர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். "மதில் இடிந்திருக்கிறதா என்று பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். மதில் நன்றாகத்தான் இருந்தது.

குழி மூடித்தான் இருந்தது. அவர் செய்வதுபோல நானும் கொஞ்ச நேரம் நின்றேன். இருமிப் பார்த்தேன். பிறகு செம்பைச் சாய்த்தேன். பாதிக்குமேல் கை ஓடவில்லை. முழுவதையும் ஊற்றிவிட்டால், இல்லை மாமா, மூடித்தான் இருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதுபோல இருந்தது. என் பிள்ளைக்காக என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்ட மனிதர் அவர். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மீதிப் பாலை முந்தானையால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் பால் திரிந்துபோயிருந்தது. கொல்லையில் கொட்டிவிட்டுச் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.